இல்லையென்று சொல்லாத மிஷின்

இல்லையென்று சொல்லாத குணம் ஒரு மனிதருக்கு இருந்தால் ஊர் கூடிச் சிலை வைக்கும். ஒரு மிஷினுக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காரமடை அன்புச்செல்விதான் அனுபவித்துப் பார்த்தாள். பக்கமாக வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இருமல் இருக்கிறவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டால் போதும், எழுந்து போக வேண்டாம்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். காரமடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவுச் சமையல் உதவியாளர் வேலைக்கு அன்புச்செல்விக்கு ஆர்டர் வந்திருந்தது. அவள் மாமனார் மாமியார் காலம் வரைக்கும் அடுத்தவர் தோட்டத்தில் குனிந்த குடும்பம். புருஷன் ஜெரோம் கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அரசாங்க வேலை என்ற ஒன்று அந்த வீட்டு வாசற்படி ஏறுவது இதுதான் முதல் தடவை. பெருநாள் சேலையைப் போல அந்த ஆர்டரைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள்.

உடல் தகுதிப் பரிசோதனைக்குப் போன அன்றைக்குக் காலையில்தான் அவள் மிளகாய் வறுத்திருந்தாள். டாக்டர் முன்னால் நின்றதும் இருமல் வந்துவிட்டது.

"பிள்ளைகளுக்குச் சோறு போடற கை. காசநோய் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து சேரும்மா. மாசம் முடியறதுக்குள்ள வரலைன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்று சொல்லி, கோயமுத்தூரில் புதிதாகத் திறந்திருந்த மையத்துக்கு அவர் அனுப்பிவைத்தார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த அந்த மையத்துக்குக் கொங்கு மண்டல மூலக்கூறு நோயறிதல் உயர் மையம் என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பதால் கண்டக்டர்கள் 'சளி ஸ்டாப்' என்றார்கள்.

மையத்தின் நடுவறையில் குளிர்சாதனக் காற்றில் மிஷின் வீற்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி, வெள்ளை வெளேரென்று இருக்கும். எச்சிலை ஒரு சின்னக் குழாயில் வைத்து மூடினால் போதும். மற்றதெல்லாம் தானே செய்து, கடைசியில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சீட்டடித்துத் துப்பும். அதை ஆயுத பூஜை அன்று திறந்துவைத்தார்கள். மிஷினை வாங்கிக் கொடுத்த மில் முதலாளியின் தாயார் மயிலாத்தாள் அம்மையார்தான் மூடியைத் தூக்கி, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு முதல் பொத்தானை அழுத்தினார். அன்றையிலிருந்து மிஷின் ஓய்வில்லாமல் சீட்டடித்துக்கொண்டிருந்தது.

"அன்புச்செல்வி, உண்டு" என்று அலுவலகக் கண்காணிப்பாளர் ராமாமணி ஏலம் போடுகிற குரலில் கூப்பிட்டார்.

"என்ன உண்டுங்க?"

"நோய் உண்டு. பின்ன என்ன, இங்க பொங்கலா போடறோம்?"

அன்புச்செல்வி சீட்டை வாங்கிக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் நின்றவருக்கு உண்டு. பின்னால் நின்றவருக்கும் உண்டு. துணைக்கு வந்து, சும்மா இருக்கிறோமே என்று துப்பிக் கொடுத்தவருக்கும் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் டாக்டர் திருமலைசாமி நல்ல மனிதர். யார் எது கேட்டாலும் பதிலாக ஒரு சொற்பொழிவே தருவார்.

"ஏனுங் சார், எல்லாத்துக்குமே உண்டுன்னு வருதுங்களே?"

"அதுதாம்மா பெருமை!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பின்கட்டில உமர் பாரூக்னு ஒருத்தர் பழைய பூதக்கண்ணாடியை வெச்சுப் பார்த்துட்டிருந்தார். பத்துப் பேரைப் பார்த்தா ஒருத்தருக்குத்தான் நோயைக் கண்டுபிடிப்பார். இந்த மிஷின் பத்துப் பேரைப் பார்த்தா பத்துப் பேருக்கும் கண்டுபிடிக்குது. பத்து மடங்கு கெட்டிக்காரத்தனம். கணக்குப் போட்டுப் பாருங்க."

அன்புச்செல்வி கணக்குப் போட்டாள். வேலை போய்விடும் என்று விடை வந்தது.

நோய் உண்டு என்று வந்தவர்கள் தினமும் வந்து தகரக் கொட்டகையில் உட்கார வேண்டும், மாத்திரை மேலிடத்திலிருந்து வந்ததும் கொடுப்பார்கள் என்பது மையத்தின் விதி. மேலிடம் மாத்திரை அனுப்புவதாக இல்லை. அதனால் கொட்டகையில் தினமும் தேர்த்திருவிழாக் கூட்டம். கடலை வண்டிக்காரர் ஒருவர் அங்கேயே கடை போட்டார். அவருக்கும் உண்டு என்று வந்துவிட்டதால் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடிந்தது.

நஞ்சப்பனை அன்புச்செல்வி அங்கேதான் பார்த்தாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வாழைத்தோட்டம் உள்ளவர். ஆள் வாழைச் சருகு மாதிரி காய்ந்திருந்தார். இருமல் வந்தால் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு தூரமாய்ப் போய் இருமிவிட்டு வருவார். துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று மடித்துக்கொள்வார். அந்தச் சிவப்பை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"அக்கட்டால தள்ளி உக்காரு அம்மணி. காத்து அந்தப் பக்கமாப் போகுது."

"எனக்கும்தான் உண்டுன்னு சொல்லிப்போட்டாங்களே, அய்யா."

"உனக்காவது! உன்ற மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? இந்த மிஷின் பொறந்த ராசி அப்படி. எங்க ஊர்ல ஒரு தரகன் இருந்தான். எந்த மாட்டைக் காட்டுனாலும் சுழி சரியில்லைம்பான்."

சாயங்காலம் அவள் பின்கட்டுக்குப் போனாள். மிஷின் வந்தபிறகு உமர் பாரூக்குக்குத் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் சளியையும் நஞ்சப்பன் சளியையும் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி, லென்ஸில் நெடுநேரம் பார்த்தார்.

"உன்னுது சுத்தமா இருக்குதும்மா. இன்னும் நாலு தடவை பார்த்தாலும் அப்படித்தான். அந்தப் பெரியவருதுல கிருமி நெம்ப நெருக்கமாக் கெடக்குது. சீக்கிரம் மாத்திரை சாப்பிடலைன்னா தாங்க மாட்டார்."

"அப்படீன்னா எழுதிக் குடுங்கண்ணா!"

"எழுதலாம். மனுஷக் கண்ணுல பார்த்ததுக்கு இனிமே மதிப்பில்லைன்னு இயக்குநர் சர்க்குலர் போட்டிருக்கார். நான் எழுதற சீட்டுல கடலைதான் மடிக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார்.

இப்படியிருக்கும்போது தண்ணீருக்கு நோய் வந்தது.

மிஷினோடு வந்த புத்தகத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு குழாயில் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கும் உண்டு என்று வந்தால் கோளாறு மிஷினில் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்கு உண்டு என்று வந்தது. டாக்டர் திருமலைசாமி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியைத் தனிமைப் படுக்கையில் சேர்க்கச் சொன்னார்.

ராமாமணி படுக்கைச் சீட்டை எடுத்து எழுத உட்கார்ந்தார். "வயசு?"

உதவியாளர் ஒருவர் புட்டியைத் திருப்பி லேபிளில் தேடினார்.

"தகப்பனார் பேரு?"

"சிறுவாணின்னு போடுங்க அம்மணி" என்றார் ஜன்னலுக்கு வெளியே நின்ற நஞ்சப்பன்.

ராமாமணி போட்டார். புட்டிக்குக் காலையில் ஒரு ரொட்டியும் ஒரு முட்டையும் அனுமதிக்கப்பட்டன. அவை தினமும் தீர்ந்துபோயின.

ஒருவேளை மிஷின் கோளாறோ என்று யாரோ முனகியது இயக்குநர் காதில் விழுந்தது. கொட்டகைக்கே வந்து பேசினார்: "கோளாறே இருந்தாலும் அது சாதாரணக் கோளாறு அல்ல. ரெண்டாயிரம் வருஷக் கோளாறு! ஜனவரியில கம்ப்யூட்டரெல்லாம் குழம்பப் போகுதுன்னு உலகமே நடுங்குது. மத்தவங்களுக்கு ஜனவரியில வரப்போறது நமக்கு ஐப்பசியிலேயே வந்துருச்சு. அதுலயும் நாமதான் முன்னோடி!"

எல்லோரும் கை தட்டினார்கள். அன்புச்செல்வியும் தட்டினாள், வேறென்ன செய்வாள்? மாசம் கரைந்துகொண்டிருந்தது.

கடைசியில் தண்ணீருக்கான முட்டைச் செலவை மேலிடம் கேள்வி கேட்டதால், மிஷின் கம்பெனிக்கு ஆள் அனுப்பச் சொல்லித் தகவல் போனது. சென்னையிலிருந்து கிருபாசங்கர் என்ற இன்ஜினியர் ரயிலில் வந்து இறங்கினான். சின்ன வயசு, கழுத்தில் டை. வழியில் அன்புச்செல்வி ஓடிப்போய் மறித்தாள்.

"தம்பி, நல்லாப் பாருங்க. என்ற வேலை இதுலதான் தொங்கிட்டு இருக்குது."

"வாங்கக்கா, நீங்களும் பாருங்க" என்று அவன் அவளை உள்ளே கூட்டிப்போனான். மூடியைத் தூக்கினான். குனிந்தான். வந்த சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

உள்ளே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வட்டம். அதன் மேல் பட்டையாய்ச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து கல்லாய்க் கிடந்தது.

"இதுதாங்கக்கா மிஷினோட கண்ணு. எச்சிலைச் சூடு பண்ணி, ஆற வெச்சு, மறுபடியும் சூடு பண்ணுவோம். கிருமி இருந்தா அது பெருகி, கடைசியில தண்ணி நிறம் மாறும். நிறம் மாறுனா இந்தக் கண்ணாடி வழியா வெளிச்சம் மங்கலாத் தெரியும். மங்கலா இருந்தா உண்டு, பளிச்சுன்னு இருந்தா இல்லை. இது கண்ணை மூடி வெச்சிருக்குது. எல்லாமே மங்கல்தானே?"

பையிலிருந்து துணியை எடுத்தான். அன்புச்செல்விக்கு மூச்சு வந்தது.

"ஐயோ, கையை எடுங்க தம்பி!" ராமாமணி போட்ட சத்தத்தில் துணி கீழே விழுந்தது. "அது மயிலாத்தாள் அம்மையார் வெச்ச பொட்டு! பொட்டைத் துடைச்சா என்ன அர்த்தம்னு உங்க ஊட்டுல சொல்லித் தரலையா?"

அன்று மத்தியானமே பொட்டு நீக்க ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. கதவோரம் நின்றிருந்த பாவத்துக்கு அன்புச்செல்வியை நோயாளிகள் பிரதிநிதியாகப் போட்டார்கள். அவள் நெற்றியில் பொட்டில்லை. அவர்கள் போகிற கிறிஸ்தவ சபையில் பொட்டு வைக்கும் வழக்கமில்லை. அதனால் அவள் நடுநிலையாக இருப்பாள் என்று இயக்குநர் விளக்கினார்.

"மேடம், மிஷினுக்குப் புருஷன் கிடையாது. பொட்டைத் துடைச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான் கிருபாசங்கர்.

இயக்குநர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கிடையாதுன்னு எப்படிச் சொல்றீங்க? பின்னாடி ஜெனரேட்டர் இருக்குதே. இதோட கூடவே வந்தது. ஒரே வயர்ல கட்டியிருக்குது."

எல்லோரும் காது கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் தடதடவென்று தீர்க்காயுசாக ஓடிக்கொண்டிருந்தது. ராமாமணி கைகூப்பினார்.

"அந்த ஜெனரேட்டருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பொறுப்பு?" என்றார் இயக்குநர். கிருபாசங்கர் தன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

நோயாளிகள் பிரதிநிதியைத் தவிர மற்றக் குழு உறுப்பினர்கள் நோயற்றவர்களாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு விதியைக் கண்டுபிடித்தார்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்க அந்த மிஷினைத் தவிர வேறு வழி கிடையாது. இயக்குநர் யோசனைக்காரர். தன் எச்சிலுக்குப் பதிலாகப் பொள்ளாச்சி இளநீரைக் குழாயில் ஊற்றிக் கொடுத்தார். உண்டு என்று வந்தது. அவர் அதிர்ந்து போய், முதல் வேலையாக இளநீர் குடிப்பதை நிறுத்தினார்.

"ஏனுங் சார்" என்று அன்புச்செல்வி குழுவில் எழுந்து நின்றாள். "திங்கக்கிழமையோட எனக்குத் தவணை முடியுதுங்க. அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப்போட்டா ஆகாதுங்களா?"

"அவங்ககிட்டயா? அவங்க வெச்ச பொட்டு தப்புன்னு அவங்ககிட்டயே சொல்றதா? நன்கொடை கொடுத்தவங்கம்மா! நோய் வந்தா மருந்து இருக்குது. நன்கொடை நின்னா என்ன மருந்து இருக்குது?"

வழி சொன்னது ராமாமணிதான். "துடைக்கறதுதான் ஆகாதுங் சார். தீவாளி வருதல்லங்க? தலைக்கு ஊத்தி உட்டா? தானாக் கரைஞ்சு போச்சுன்னா அது துடைச்ச கணக்குல வராதுங்களே."

குழு ஒருமனதாக மகிழ்ந்தது. மிஷினுக்கு நன்னீராட்டு என்று பந்தல் போட்டார்கள். கிருபாசங்கர் வாசலில் கைகளை விரித்து நின்றான்.

"சார், கெஞ்சிக் கேட்கறேன். பஞ்சில துளி ஸ்பிரிட் தொட்டு..."

"ஸ்பிரிட்டா?" என்று ராமாமணி காதைப் பொத்திக்கொண்டார். "சாமி காரியத்துல சாராயமா?"

மயிலாத்தாள் அம்மையார் காரில் வந்து இறங்கினார். ஒரு குடம் பால், ஒரு குடம் பன்னீர், ஒரு குடம் தண்ணீர். மிஷின் உள்ளே 'சொய்ங்' என்று ஒரு தடவை முனகியது. நாதஸ்வரக்காரர் அதையே சுருதியாகப் பிடித்துக்கொண்டார். பொட்டு கரைந்து ஓடியது. அம்மையார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பொட்டுக்கா என்னெய இத்தனை தூரம் வரச் சொன்னீங்க? ஒரு ஈரத்துணியில தொடைச்சா போயிருக்குமே. பாலை வேற வீணாக்கிப்போட்டீங்க, கண்ணு!"

மறுநாள் மிஷின் முதல்முறையாக 'இல்லை' என்றது. தண்ணீருக்கு இல்லை, புட்டி மாலை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. கடலைக்காரருக்கு இல்லை. இளநீருக்கு இல்லை, இயக்குநர் இரண்டு வெட்டச் சொல்லிக் குடித்தார். அன்புச்செல்விக்கு இல்லை. சர்டிபிகேட்டைக் கையில் வாங்கியதும் அவள் பொது டெலிபோனில் ஜெரோமைக் கூப்பிட்டாள். "கெடைச்சிருச்சுங்க!" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை.

திரும்பி வந்தால் நஞ்சப்பன் கொட்டகையில் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் இல்லையாமா அம்மணி. மாத்திரை லாரி இப்பத்தான் வந்து நின்னுது. வாங்க ஆளில்லைன்னு அப்படியே திருப்பி அனுப்பறாங்க." சிரிக்கப் போனார், இருமல் வந்தது. துண்டை மடிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

உள்ளே இயக்குநர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரே நாள்ல இந்த வட்டாரத்துல காசநோயை ஒழிச்சிருக்கிறோம். மருந்தே கொடுக்காம!"

கிருபாசங்கர் மிஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். கையெல்லாம் பால் பிசுக்கு. அன்புச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சூடேத்தற தட்டு போயிருச்சுங்கக்கா. பால் இறங்கிருச்சு. சூடே இல்லைன்னா எந்தக் கிருமியும் பெருகாது, நிறமும் மாறாது. இனி யாரை வெச்சாலும் இல்லைன்னுதான் சொல்லும். இயக்குநர்கிட்டச் சொன்னேன். இப்பத்தான் நல்லா வேலை செய்யுது, கெடுக்காதேங்கறார்."

அன்புச்செல்வி கையிலிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்தாள். மிஷின் கெட்டுப்போனது என்று இங்கே சத்தம் போட்டால் இந்தக் காகிதமும் அதோடு செல்லாமல் போகும். திங்கட்கிழமை போய்விடும். பேசாமல் பஸ் ஏறினால் நஞ்சப்பன் போய்விடுவார். அவளுக்கு நோயில்லை என்பது உமர் பாரூக்கின் கண்ணுக்குத் தெரியும், இவருக்கு இருப்பதும் தெரியும். அந்த மிஷினுக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது.

பந்தலில் நேற்றைய பூஜைத் தட்டு அப்படியே இருந்தது. சர்டிபிகேட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். தட்டை எடுத்தாள்.

"அய்யா, எழுந்திருங்க. எனக்கு நம்பிக்கையில்லை, இன்னொருக்கா பாருங்கன்னு உள்ள போய்ச் சண்டை புடிங்க."

"எதுக்கு அம்மணி?"

"புடிங்கன்னா புடிங்க!"

அவர் பிடித்தார். இயக்குநர் பெருமிதமாகச் சிரித்தார். "எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க! மிஷின் மாத்திச் சொல்லாது."

அப்போது அன்புச்செல்வி தட்டோடு உள்ளே வந்தாள். "ஏனுங் சார், மிஷினைக் குளிக்க வார்த்தாங்க, அப்படியே மொட்டையா உட்டுட்டாங்களே. வெறும் நெத்தியாக் கெடக்குது."

ராமாமணி வாயில் கை வைத்தார். "அடக் கடவுளே! குளிச்சுட்டுப் பொட்டு வைக்காம ஒரு நாள் முழுக்க..." சுவரைத் தட்டி ஜெனரேட்டர் நலமா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மூச்சுவிட்டார். "வை கண்ணு, நீயே வை!"

வாழ்நாளில் பொட்டே வைத்துப் பழகாத அன்புச்செல்வி, மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி அந்தக் கண்ணாடி வட்டத்தில் பட்டையாய் அப்பினாள். நடுவில் குங்குமமும் இட்டாள். மனசுக்குள் கர்த்தரிடம் ஒரு மன்னிப்பையும் கேட்டுக்கொண்டாள். கிருபாசங்கர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஷின் சீட்டைத் துப்பியது.

"நஞ்சப்பன், உண்டு!" என்று ராமாமணி ஏலம் போட்டார்.

"உண்டுங்கோ! எனக்கு உண்டுங்கோ!" என்று நஞ்சப்பன் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாத்திரை லாரியை மறிக்க ஓடினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த மையம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒரே மனிதருக்கு இல்லை என்றும் உண்டு என்றும் வந்ததே என்று இயக்குநர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தெளிந்தார். "பாத்தீங்களா? தான் செஞ்ச தப்பைத் தானே திருத்திக்குது!"

அன்று மாலை கிருபாசங்கர் பின்கட்டுக்குப் போய் உமர் பாரூக்கோடு டீ குடித்துவிட்டு ரயிலேறினான். அதற்கப்புறம் அங்கே ஒரு நடைமுறை தானாக வந்துவிட்டது. உமர் பாரூக் காலையில் லென்ஸில் பார்ப்பார். சாயங்காலம் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் ஜன்னலுக்கு வந்து, யார் யாருக்குப் பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், யார் யாருக்குக் குளிப்பாட்டிப் பார்க்க வேண்டும் என்று ராமாமணியிடம் சொல்லிவிட்டுப் போவார். பூஜை நேரம் குறித்துக் கொடுக்கிறார் என்று ராமாமணி நினைத்துக்கொண்டார். அடுத்த வருஷம், தவறே செய்யாத மிஷின் என்று மையத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

தவணை முடிந்த அந்தத் திங்கட்கிழமை காலையில் ஜெரோம்தான் அன்புச்செல்வியைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். முதல் நாள் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது அவன் இன்னும் போகாமல் நின்றிருந்தான்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மிஷின் ரிப்பேரு கடைசியில சரியாயிருச்சா?"

"அதெல்லாம் ஆயிருச்சுங்க" என்றாள் அன்புச்செல்வி, விரல் நகத்தில் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சேலையில் துடைத்தபடி. "ஆருக்கு என்னன்னு நம்ம சொல்லிக் குடுத்துப்போட்டா, பொறகு கரெக்டாச் சொல்லிருதுங்க."